கொதிக்கக் கொதிக்க

லண்டன் மாநகரில் கார்ன்ஹில் என்று ஒரு பேட்டை. அங்கே செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டி ஒரு குறுகலான சந்து. 1652-ஆம் ஆண்டில் அந்தச் சந்தில் பாஸ்குவா ரோஸே என்பவன் காப்பிக் கடை போட்டான். லண்டனில் முதல் காப்பிக் கடை அதுதான் என்பார்கள். துருக்கி தேசத்து ஸ்மிர்னாவில் வியாபாரம் செய்து ஊர் திரும்பிய டேனியல் எட்வர்ட்ஸ் என்ற வர்த்தகரின் வேலைக்காரன் அவன். எஜமானருக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது அவனுடைய கைங்கரியம். அந்தக் கரிய பானத்தை ருசி பார்க்க எட்வர்ட்ஸின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள். அவர்கள் சிநேகிதர்களையும் அழைத்து வந்தார்கள். உபசாரம் தாங்க முடியாமல் போகவே, "நீ வெளியே கடை வைத்து இவர்களுக்கெல்லாம் விற்றுக்கொள்" என்கிற மாதிரி வேலைக்காரனுக்கு ஒரு கடையே வைத்துக் கொடுத்துவிட்டார் எஜமானர். ஓசிக் காப்பியின் தொல்லையிலிருந்து பிறந்தது லண்டனின் முதல் காப்பிக் கடை என்றால் நம்மவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை.

கடை நன்றாக நடந்தது. மது விற்கிறவர்களுக்கு வயிறு எரிந்தது. இவன் நகரத்துப் பிரஜா உரிமை இல்லாத அந்நியன் என்று புகார் செய்தார்கள். அதற்காக, வண்டியோட்டியாக இருந்த பௌமன் என்பவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டி வந்தது. அது தனிக் கதை. எனக்கு இப்போது வேண்டியது ரோஸே அச்சடித்துக் கொடுத்த ஒரு நோட்டீஸ். ஆங்கிலத்தில் காப்பிக்காக வெளிவந்த மிகப் பழைய விளம்பரங்களில் ஒன்று அது. காப்பி குடித்தால் ஜீரணம் நன்றாக ஆகும், தலைவலி போகும், நீர்க்கோவை, மூட்டுவாதம் முதலியவை அண்டாது என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. மருந்துக் கடை நோட்டீஸ்களில் நாம் காணாததல்ல. ஆனால் எப்படிக் குடிப்பது என்று சொல்கிற இடம்தான் வேடிக்கை. குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் எதுவும் சாப்பிடக் கூடாது. அரை பைண்ட் அளவு குடிக்க வேண்டும். எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவு சூடாகக் குடிக்க வேண்டும். அந்தச் சூட்டினால் வாயில் தோல் உரியாது, கொப்புளம் வராது. இப்படி ஓர் உத்தரவாதம்!

தோல் உரியாது என்று ஒருவன் அச்சடித்துக் கொடுக்கிறான் என்றால், உரிந்துவிடுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள் என்று அர்த்தம். யாருக்கோ உரிந்தும் இருக்க வேண்டும். கதை எழுதுகிறவன் புத்தி இப்படித்தான் போகும்.

எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவு என்றால், அதை அளப்பது யார்? குடிக்கிறவருடைய நாக்கு அவரிடம் இருக்கிறது. கொண்டுவந்து கொடுக்கிறவனிடம் இருப்பது ஒரு கையும், அந்தக் கையில் ஒரு கோப்பையும்தான். "கொதிக்கக் கொதிக்கக் கொண்டா" என்று ஒருவர் கேட்டுவிட்டால் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதா, அவருடைய நன்மையை உத்தேசித்துச் சற்று ஆற்றிக் கொடுப்பதா? முன்னதில் வாய் வேகும். பின்னதில் காப்பி திரும்பி வரும். ரோஸே கடை வைத்த நாளிலிருந்து காப்பிக் கடை ஊழியன் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறான்.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த கதையில் பாபா பூதன் என்ற சூஃபிப் பெரியார் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பும்போது காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்று வழங்குகிறது. மலையில் விளைந்தாலும் தமிழ்நாட்டு வீடுகளின் அடுப்படிக்கு அது வந்து உட்கார்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். வந்தபோது எதை வெளியேற்றிவிட்டு வந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. பழையதையும் நீராகாரத்தையும். இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து குளிர்ந்த சோறும், உப்புப் போட்டுக் கலக்கிய நீரும்தான் அதுவரை பெரும்பாலான ஜனங்களுக்குக் காலை ஆகாரம். அந்த இடத்தில் வந்தது ஆவி பறக்கும் ஒரு பானம். தமிழனுடைய விடியற்காலை ஒரு தலைமுறைக்குள் குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கு மாறியது. காப்பிக் குடியைக் கண்டித்து அந்தக் காலத்துப் பெரியவர்கள் நிறைய எழுதினார்கள். உடம்புக்கு ஆகாது, காசுக்குக் கேடு, பெண்கள் சோம்பேறிகளாவார்கள் என்று. யாரும் கேட்கவில்லை.

ஆனால் இந்தச் சூட்டைக் கையாளுவதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த உபாயம் இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது ஓர் என்ஜினீயர் எழுதியிருக்க வேண்டும். டம்ளரையும் டபராவையும்தான் சொல்கிறேன். முதலில் டம்ளர். பித்தளையோ வெள்ளியோ எவர்சில்வரோ, உலோகம் சூட்டை ஒளித்து வைக்காது. காப்பி நாக்கைச் சுடுவதற்கு முன்னால் டம்ளர் விரலைச் சுட்டுவிடும். "பொறு" என்று விரல் சொல்லும். விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருப்பதால் அங்கே மட்டும் பிடித்துத் தூக்கலாம். அடுத்தது டபரா. சிந்தினால் மடியில் விழாமல் அதில் விழும். அகன்ற வாயுள்ள பாத்திரமாகையால் அதில் ஊற்றினால் உடனே சூடு தணியும். டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஒரு முழ உயரத்தில் ஆற்றும்போது காற்றுப் பட்டுச் சூடு இறங்குகிறது, சர்க்கரை கலக்கிறது, நுரையும் வருகிறது. ஜனங்கள் நுரையைத்தான் பார்க்கிறார்கள். நடப்பதோ சூட்டைக் குறைக்கிற காரியம். இதைவிட முக்கியம் ஒன்று உண்டு: எவ்வளவு ஆற்ற வேண்டும் என்பதைக் குடிக்கிறவரே தீர்மானித்துக்கொள்கிறார். ஸர்வர் தலையில் இருந்த பாரத்தை இந்த இரண்டு பாத்திரங்களும் பாதி இறக்கி வைத்துவிட்டன.

இப்படிப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. உயரத்திலிருந்து ஊற்றுகிற அதே கைதான் சில கிராமங்களில் வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்குச் சிரட்டையிலோ, கூரையில் செருகி வைத்திருக்கும் தனிக் குவளையிலோ, பாத்திரம் பாத்திரத்தில் பட்டுவிடக் கூடாதே என்று எட்ட நின்று ஊற்றினார்கள். எட்டத்திலிருந்து விழுகிற சூடான பானம் கையில் தெறிக்காதா? தெறிக்கும். அதைப் பற்றி ஊற்றுகிறவர் கவலைப்படவில்லை, அவ்வளவுதான். பொது ஹோட்டலில் உள்ள பாத்திரங்களை ஒருவர் உபயோகிக்கவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொல்லிற்று. இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. அடியோடு ஒழிந்துவிட்டது என்று இன்றைக்கும் எழுத மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

ஹோட்டலுக்கு வருவோம். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் நடுத்தரமான ஹோட்டல்களில் உட்கார்ந்து ஸர்வர்களைக் கவனிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கதைக்குப் பாத்திரங்கள் கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இவர்களுடைய சாமர்த்தியம் ஒரு தனி வித்தை. ஒரு நாள் எதிர் மேஜையில் ஒருவர், மடியில் இரண்டு வயதுக் குழந்தை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரம். "தம்பி, ஸ்ட்ராங்கா ஒரு காப்பி. ஆத்தாதே, கொதிக்கக் கொதிக்கக் கொண்டா" என்றார். ஸர்வர் கொண்டுவந்தார். ஆனால் அவர் முன்னால் வைக்கவில்லை. மேஜையின் மறு கோடியில், சுவரோரமாக வைத்தார். "ஏம்ப்பா, அங்கே ஏன் வைக்கிறே?" என்று அவர் அதட்டினார்.

"கொளந்தை கை நீட்டும் சார். அதை இந்தப் பக்கம் குடுங்க, நீங்க குடிக்கிற வரைக்கும் நான் வச்சிருக்கேன்" என்றார் ஸர்வர்.

குழந்தை அவர் தோளுக்குப் போயிற்று. கல்லாவிலிருந்து முதலாளி முறைத்துப் பார்த்தார். இரண்டு மேஜைகளில் இலை எடுக்கப்படாமல் கிடந்தது. அவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது; பஸ் போய்விட்டதா இல்லையா என்பதை நான் கவனிக்கவில்லை.

இன்னொரு ஸர்வர், தலை நரைத்தவர், எனக்குத் தம் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார். "சூடு பத்தலைன்னு காப்பியைத் திருப்பிக் குடுக்கறவங்க இருக்காங்க இல்லீங்களா, அவங்க காப்பியை நான் மறுபடி சுட வைக்கறதே இல்லை. டம்ளரை மட்டும் வெந்நீர்லே அலம்பி, அதே காப்பியை ஊத்திக் கொண்டாந்து வைப்பேன். உதட்டிலே டம்ளர் சுட்டதும், 'ஆ, இதல்லவோ காப்பி'ம்பாங்க." பெரிய மனத்தத்துவ நிபுணர்! உதடு பாத்திரத்தைத் தொட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நாக்கு அதற்குப் பக்கபலமாகக் கையெழுத்துப் போடுகிறது.

உள்ளே பாய்லருக்கு முன் நிற்கும் காப்பி மாஸ்டருக்கு வேறு சங்கடம். நம் முறைக் காப்பியில் சூடு முழுவதும் பாலில்தான் இருக்கிறது. பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாக்ஷன் இறங்கும்போதே ஆறிவிடுகிறது. அதை அடுப்பில் ஏற்றினால் மணம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும். ஆகவே 'இன்னும் சூடு' என்று உள்ளே குரல் வந்தால், பாலைப் பொங்கும் வரை கொண்டுபோவது தவிர வழியில்லை. பொங்குகிற பால் மாஸ்டருடைய முன்கைக்கு எவ்வளவு சமீபம் என்பதை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தக் காலத்து நாகரிகக் காப்பிக் கடைகளில் நீராவிக் குழாயால் பாலைச் சுட வைக்கிறார்கள். அங்கேயும் இளைஞர்கள் வந்து 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்கிறார்கள். எழுபது டிகிரி சென்டிகிரேடு தாண்டினால் பாலின் இனிப்பும் மென்மையும் கெட்டுப்போகும் என்று அந்தக் கடை ஊழியர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள், கேட்கிறவருக்கு மறுத்துச் சொல்வது எப்படி என்பதையும் சொல்லிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

ரயில்வே பிளாட்பாரக் காப்பியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வண்டி நகரத் தொடங்கிய பிறகு ஜன்னல் வழியாக நீளும் கையும், கூடவே ஓடுகிற ஆளும், சில்லறைக்காகக் கூச்சலும் எல்லாரும் கண்டதுதான். அங்கே காப்பி சூடாக இல்லாதது பற்றிப் பலர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். தெய்வச் செயல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த விஷயம் முழுவதும் ஒரு நியாயஸ்தலத்தில் வந்து நின்ற கதை அமெரிக்காவில் நடந்தது. நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊர். 1992 பிப்ரவரி 27-ஆம் தேதி, 79 வயது மூதாட்டி ஒருவர் பேரனுடைய காரில் மெக்டொனால்ட்ஸ் கடைக்குப் போனார். காரிலிருந்து இறங்காமலே ஜன்னலில் வாங்கிக்கொள்கிற கடை அது. காப்பியின் விலை 49 சென்ட். வாங்கிய பிறகு பேரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அந்தக் காரில் கோப்பை வைக்க இடமில்லை. கிழவி கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பாலும் சர்க்கரையும் கலப்பதற்காக மூடியைத் திறந்தார். காப்பி முழுவதும் மடியில் கொட்டிவிட்டது. உடுத்தியிருந்த பருத்தி உடை அதை அப்படியே உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டது. உடம்பில் நூற்றுக்கு ஆறு பங்கு தோல் முழு ஆழத்துக்கு வெந்துபோயிற்று. எட்டு நாள் ஆஸ்பத்திரி; வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டிச் சிகிச்சை.

கம்பெனியிடம் அவர் கேட்டது சுமார் 20,000 டாலர். வைத்தியச் செலவும் அதை ஒட்டிய நஷ்டமும். கம்பெனி தருவதாகச் சொன்னது 800 டாலர்.

1994 ஆகஸ்டில் வழக்கு ஜூரிகள் முன் வந்தது. அப்போதுதான் சங்கதிகள் வெளியாயின. காப்பியை 180 முதல் 190 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சென்டிகிரேடு கணக்கில் 82 முதல் 88 வரையில், வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அந்தச் சூட்டில் கோப்பையில் ஊற்றிய மாத்திரத்தில் அது குடிக்கத் தகுந்ததல்ல, வாயையும் தொண்டையையும் சுட்டுவிடும் என்று கம்பெனியின் தர நிர்ணய அதிகாரியே சாட்சி சொன்னார். வாங்குகிறவர்கள் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துதான் குடிக்கிறார்கள், அதுவரை சூடு நிற்க வேண்டாமா என்று கம்பெனி வாதித்தது. காரிலேயே குடிக்கிறார்கள் என்று அவர்களுடைய விசாரணையே காட்டியிருந்தது. பத்து வருஷங்களில் எழுநூற்றுக்கு மேற்பட்ட சூட்டுக் காயப் புகார்கள் வந்திருந்தன. கம்பெனி தரப்பு நிபுணர் ஒருவர், விற்ற கோடிக்கணக்கான கோப்பைகளோடு வைத்துப் பார்த்தால் எழுநூறு என்பது அற்பம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனால் ஜூரிகள் கூட்டல் கழித்தல் பார்ப்பதற்கு உட்காரவில்லை. வெந்த தோலின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கிழவியின் பேரிலும் நூற்றுக்கு இருபது பங்கு தவறு என்றார்கள். ஆகவே நஷ்ட ஈடு 2,00,000 டாலரில் 1,60,000 ஆயிற்று. அதன்மேல் தண்டனைத் தொகையாக 27 லட்சம் டாலர் விதித்தார்கள். மெக்டொனால்ட்ஸ் இரண்டு நாளில் விற்கிற காப்பியின் வரும்படி அது. நீதிபதி அதை 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இரு தரப்பாரும் ரகசியமாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். உலகம் முழுவதும் பரவியதோ வேறு கதை. ஓடுகிற காரில் காப்பியைக் கொட்டிக்கொண்டு ஒரு கிழவி கோடீசுவரியானாள் என்று பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் ஆண்டுக்கணக்கில் சிரித்தார்கள். கார் நின்றுகொண்டிருந்தது, ஓட்டியவர் அவர் அல்ல. சிரிப்புக்கு இந்த விவரங்கள் இடைஞ்சல்.

இந்த வழக்கைப் படித்தபோது நம் டம்ளர்தான் என் நினைவுக்கு வந்தது. அந்தக் கோப்பை, தெர்மாகோல் என்று நாம் சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. உள்ளே 80 டிகிரி கொதித்தாலும் வெளியே விரலுக்கு இதமாக இருக்கும். எச்சரிக்கை செய்ய வேண்டிய பாத்திரம் மௌனமாக இருந்துவிட்டது. மேலும், பாலும் சர்க்கரையும் கலக்கிற வேலை நம் ஊரில் மாஸ்டருடையது. அங்கே அது விலை கொடுத்தவர் வேலையாகிவிட்டது; மேஜை இல்லாத இடத்தில், மடியின் மேல். ஜன்னலில் நின்று கோப்பையை நீட்டிய ஊழியர் விதியில் எழுதியிருந்த சூட்டில்தான் கொடுத்தார். ஆற்றிக் கொடுக்க அவருக்கு டபரா இல்லை, அதிகாரமும் இல்லை.

எவ்வளவு சூடு எவ்வளவு நேரத்தில் தோலை வேகவைக்கும் என்பதை ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பன்றித் தோலிலும், சம்மதித்து முன்வந்த மனிதர்கள் தோலிலும் சோதித்தார்கள். 44 டிகிரி சென்டிகிரேடு என்றால் காயம் உண்டாகச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரி என்றால் ஐந்து விநாடி. 70 டிகிரிக்கு ஒரு விநாடி கூட வேண்டாம். பதினாறு டிகிரி வித்தியாசத்தில் ஆறு மணி ஐந்து விநாடியாகச் சுருங்கிவிடுகிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாய் மட்டும் எப்படித் தாங்குகிறது என்றால், நாம் உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போகிறது. வாயில் நிற்கிற நேரமும் கொஞ்சம். உமிழ்நீர் வேறு இருக்கிறது. மடிக்கு இந்த வசதிகள் ஒன்றும் கிடையாது. ருசியும் கெடாமல் தோலும் வேகாமல் இருக்கச் சுமார் 58 டிகிரி உத்தமம் என்று 2008-இல் அமெரிக்காவில் இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த 58 டிகிரிக் காப்பியை நம்மூர் மேஜை ஒன்றில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு" என்று உரத்த குரல் கேட்கும்.

இங்கிலாந்தில் ஏறக்குறைய அதையேதான் ஒரு நீதிபதியும் சொன்னார், நாகரிகமான பாஷையில். அதே கம்பெனியின் மேல் 36 பேர் தொடுத்த வழக்கு 2002-இல் தீர்ப்பாயிற்று. காயம் பட்டவர்களில் பலர் குழந்தைகள். காப்பியும் தேநீரும் சூடாக இருக்கும் என்பதும், கொட்டினால் சுடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. காயமே படாத அளவுக்கு ஆற்றிக் கொடுத்தால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே கம்பெனியின் அஜாக்கிரதை இதில் இல்லை என்று தள்ளிவிட்டார். ஒரே பானம், ஒரே கம்பெனி, கடலுக்கு இந்தப் புறம் ஒரு நியாயம், அந்தப் புறம் ஒரு நியாயம். நான் அமெரிக்க ஜூரிகளின் கட்சி. வளர்ந்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிற வாதத்தில் ஏதோ இருக்கிறது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு என்ன தெரியும்?

2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு ஜூரி, ஸ்டார்பக்ஸ் கம்பெனி ஐந்து கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பானங்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் காரோட்டி ஒருவர் 2020-இல் ஜன்னலில் மூன்று கோப்பைகள் வைத்த அட்டைத் தட்டை வாங்கினார். அதில் ஒரு கோப்பை குழிக்குள் சரியாக அழுந்தவில்லை. மடியில் விழுந்து பயங்கரமான காயம். மேல் நீதிமன்றத்துக்குப் போவோம் என்று கம்பெனி அறிவித்தது. ஒரு கோப்பையை விரலால் அழுத்திவிடுவதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்? அரை விநாடி. ஆனால் அந்த ஜன்னல்களில் ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு. பின்னால் கார்கள் வரிசையாக நிற்கும்.

சிந்தாமல் ஒழுங்காகக் குடித்தாலும் கவலை இல்லாமல் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-இல் பிரான்ஸ் தேசத்து லியான் நகரில் நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்தது. 1991 முதல் சந்தேகப் பட்டியலில் இருந்த காப்பியை அதிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக் குழாயில் புற்றுநோய் வருவதற்கு அநேகமாக ஏதுவாகலாம் என்று தீர்மானித்தார்கள். தென் அமெரிக்காவில் 'மாட்டே' என்ற இலைக் கஷாயத்தையும், சீனா, ஈரான் முதலிய தேசங்களில் தேநீரையும் பொறுக்கப் பொறுக்கச் சூடாகக் குடிக்கிறவர்களிடம் கண்ட அனுபவம் அது. குற்றவாளி காப்பி அல்ல, சூடுதான் என்று ஆயிற்று. ரோஸே உயிரோடிருந்தால் நோட்டீஸைத் திருத்தி அச்சடிக்க வேண்டும்.

ஊழியர்களைப் பற்றிச் சட்டங்கள் பேசாமல் இல்லை. சென்னை ராஜ்யத்தில் 1958-இல் உணவு விடுதிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், ஓய்வு, விடுமுறை எல்லாவற்றையும் வரையறுத்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இந்திய சர்க்கார் தடுத்தது அதற்கு நெடுங்காலம் கழித்து, 2006 அக்டோபர் 10-ஆம் தேதி முதல்தான். அதுவரை கம்பித் தட்டில் எட்டு கிளாஸ் டீயை ஏந்திக்கொண்டு வெயிலில் வெறுங்காலோடு கடை கடையாக ஓடிய பையன்களை நாம் எல்லாரும் பார்த்தோம். "டேய், ஆறிப் போச்சேடா" என்று அவர்களைக் கடிந்தும் கொண்டோம்.

இதற்கு நடுவில் ஓர் அபூர்வமான காரியமும் நடந்தது. காப்பி போர்டு நடத்திவந்த காப்பி ஹவுஸ்களை 1950-களின் நடுவில் மூட ஆரம்பித்தார்கள். வேலை போன ஊழியர்கள், ஏ. கே. கோபாலன் துணையோடு, 1957-லிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். விசிறித் தலைப்பாகையோடு காப்பி கொண்டுவந்து வைக்கிறவரும் அந்தக் கடைக்கு ஒரு சொந்தக்காரர். கல்லாவிலிருந்து முறைக்க அங்கே தனியாக ஒரு முதலாளி இல்லை. இன்றும் பல ஊர்களில் அந்தக் கடைகள் இருக்கின்றன. அங்கே காப்பியின் சூட்டைப் பற்றிச் சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை. சண்டை எல்லாம் அரசியலைப் பற்றியே நடந்துவிடுகிறது, அதற்குள் காப்பி ஆறிவிடுகிறது.

கடைசியாக, பார்சல். கொதிக்கிற காப்பியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை நூலால் சுற்றிக் கட்டி, சின்னப் பையன்கள் கையில் கொடுத்தனுப்புகிற வழக்கம் நம் ஊர்களில் எப்படிப் பரவிற்று என்று எண்ணிப் பார்த்தால் நடுக்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்டது. பை பிய்ந்தால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. 2019 ஜனவரி 1 முதல் அந்த மாதிரிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. தடை வந்தது குப்பையை உத்தேசித்துத்தான், பையன்களின் காலை உத்தேசித்து அல்ல. எப்படியானால் என்ன? தூக்குப் பாத்திரம் சில வீடுகளில் பரணிலிருந்து மறுபடி இறங்கியது. எங்கள் தெருக்கோடிக் கடையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தூக்கை நீட்டி, "நெறைய ஊத்தணுமாம், நல்லாக் கொதிக்கணுமாம், அப்பா சொன்னாங்க" என்றான். மாஸ்டர் முக்கால் தூக்கோடு நிறுத்தி, மூடியை அழுத்திப் போட்டு, மேலே ஈரத் துணி ஒன்றைச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"இவ்வளவுதான் தம்பி ஊத்துவேன். மிச்சக் காசு இந்தா, பத்திரமா அப்பாகிட்டக் குடு. ஏன் கொறையுதுன்னு கேட்டா, அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லு."